வீட்டு இணையத்தில் போர்ட் திறந்திருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

வணக்கம் நண்பர்களே. அப்பா பாடிய வில்லுப்பாட்டு கேசட்டுகளை டிஜிட்டலாக்கி, வீட்டில் ராஸ்பெர்ரி பை (Raspberry Pi) என்ற சின்னக் கணினியில் வைத்திருக்கிறேன். வெளியூரில் இருக்கும் தங்கையும் கேட்க வேண்டும் என்று வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரவிடும் வயர்கார்டு விபிஎன்னை நிறுவி, ரவுட்டரில் அது பயன்படுத்தும் யுடிபி 51820 போர்ட்டை (இணைப்பு நுழையும் வாசல் எண்) அதற்குத் திருப்பிவிட்டேன். வீட்டு வைஃபையில் இணைகிறது. மொபைல் டேட்டாவில் இணைவதே இல்லை.

போர்ட் சோதிக்கும் தளங்களில் ‘மூடியிருக்கிறது’ என்றே வருகிறது. ஆனால் அவற்றில் பல, யுடிபியை விட்டுவிட்டு டிசிபி என்ற இன்னொரு வகை இணைப்பை மட்டும்தான் சோதிக்கும். அதோடு, சரியான சாவி இல்லாமல் தட்டினால் வயர்கார்டு பதிலே தராது. அதனால் 8080-இல் ஒரு சின்ன வெப் சர்வரை ஓடவிட்டு, அந்த போர்ட்டையும் திருப்பிவிட்டுப் பார்த்தேன். அதுவும் மூடியே இருக்கிறது. வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை வைத்துப் பார்த்தால் வெளியிலிருந்து ஒரு பாக்கெட்கூட வந்து சேரவில்லை.

அப்புறம்தான் கவனித்தேன்: ரவுட்டர் காட்டும் இணைய முகவரி 100.72 என்று தொடங்குகிறது. வெளியே தெரியும் ஐபியோ வேறு. 100.64 முதல் 100.127 வரை சிஜிநாட் (CGNAT) முறைக்கு ஒதுக்கியவை, அதாவது பல வாடிக்கையாளர்கள் ஒரே வெளி ஐபியைப் பகிர்ந்துகொள்ளும் முறை. அப்படியானால் ரவுட்டரில் என்ன மாற்றினாலும் பயனில்லை, சரிதானே? இணைய நிறுவனத்தின் உதவி எண்ணில் மூன்று முறை கேட்டுவிட்டேன், ரீஸ்டார்ட் செய்யச் சொல்கிறார்கள்.

ஐபிவி6 முகவரி வருகிறது. அதன் வழியாக இணைக்கலாமா, ரவுட்டர் ஃபயர்வாலில் எதைத் திறக்க வேண்டும்? இல்லை, மாதக் கட்டணம் கட்டி ஸ்டேட்டிக் ஐபி (எனக்கென்றே மாறாத வெளி முகவரி) வாங்குவதுதான் வழியா? இதைச் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அப்பாவின் திதிக்குள் தங்கை அந்தக் குரலைக் கேட்க வேண்டும்.