சீலம்பூர் சந்தில் வளரும் பிள்ளைகள்: உங்கள் அனுபவம்?

டெல்லியில் இருந்தபோது சாயங்காலம் சீலம்பூரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போவேன். பழைய மின்னணுப் பொருட்களைப் பிரித்து உலோகம் எடுக்கும் இடம் அது. சந்து முழுக்க உடைத்த மானிட்டரும் கீபோர்டும்தான். கடையில் ஆண்கள் பிரிப்பார்கள், வீட்டில் பெண்கள் வயரை உரித்துச் செம்பு எடுப்பார்கள். அந்தத் தூசியிலேயே கைக்குழந்தை தவழும், கை வாய்க்குப் போகும். "வயர், போர்டு எரிக்கிறதெல்லாம் டெல்லி எல்லை தாண்டி லோனிப் பக்கம், இங்க ஒண்ணும் இல்ல டீச்சர்" என்று ஒரு அம்மா என்னைச் சமாதானப்படுத்தினார். அவர் பையனுக்கு ரத்தசோகை, இரும்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இந்தக் கழிவுத் தூசியில் ஈயம் இருக்குமே, அது அவன் ரத்தத்தில் கலந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி யாரும் எழுதித் தரவில்லை.

▪ நான் மொராதாபாத்தில் பித்தளை ஏற்றுமதி வேலையில் இருந்தேன். டெல்லியில் கழற்றிய சர்க்யூட் போர்டு அங்கேதான் வந்து சேரும். எரித்த சாம்பலை ராம்கங்கைக் கரையில் கழுவி உலோகத் தூளைப் பிரிப்பார்கள். மிச்சக் கரி மணலோடு கிடக்கும். பையன்கள் கிரிக்கெட் ஆடுவது அதே மணலில்தான். எரிக்கத் தடை என்பார்கள், ரெய்டு வரும், பகலில் எரித்தவர்கள் ராத்திரியில் எரிப்பார்கள். அவ்வளவுதான் மாற்றம்.

▪ குழந்தை மருத்துவராகச் சொல்கிறேன். அக்கா சொன்ன ரத்தசோகையை லேசாக விடக்கூடாது. இரும்புச்சத்து குறைந்த குழந்தையின் குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். உள்ளே போன ஈயம் ஹீமோகுளோபின் உண்டாவதையே தடுக்கும். இதே போல மின்னணுக் கழிவைப் பிரிக்கும் ஊரான சீனாவின் குய்யூவில் 6 வயதுக்குட்பட்ட 165 குழந்தைகளைச் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். சராசரி, ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 15.3 மைக்ரோகிராம் ஈயம். அந்த வேலை இல்லாத பக்கத்து ஊர் சென்டியானில் 9.94. உலகச் சுகாதார நிறுவனம் 5 வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது. ஈயத்தை வெளியேற்றும் மருந்து பொதுவாக 45க்கு மேல்தான். அதற்குக் கீழே தூசியைக் குறைப்பதுதான் முக்கிய வைத்தியம். வேலைத் துணியோடு அப்பா குழந்தையைத் தூக்க வேண்டாம், அந்தத் துணியைத் தனியாகத் துவைக்கட்டும். துடைப்பம் தூசியைக் கிளப்பும், ஈரத்துணியால் துடைக்கட்டும். சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும்.

▪ நன்றி டாக்டர். துணி விஷயத்தை அந்த அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். ஈரத்துணி கஷ்டம். வயர் மூட்டை, அடுப்பு, படுக்கை எல்லாம் ஒரே அறையில்தான். மூட்டையைப் படிக்கட்டுக்கு அடியில் தள்ள வீட்டு ஓனரிடம் கேட்கிறேன் என்றார். வாடகை ஏற்றுவார் என்ற பயமும் இருக்கிறது அவருக்கு.