1,300 கிலோமீட்டருக்கு எத்தனை நாள்?

குழு: நம் வீட்டார்

கதிர் (ஜோகன்னஸ்பர்க்), மாலை 6:12
பெரியப்பா, விடுமுறையில் தென் அட்லாண்டிக் கடலிலுள்ள செயின்ட் ஹெலினா தீவுக்குப் போகும்போது அங்கிருந்து அசென்ஷன் தீவையும் பார்த்துவிட நினைக்கிறேன். கைப்பேசியில் கணக்கிட்டால் இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே 1,300 கிலோமீட்டர், 1 மணி 38 நிமிடம் என்று காட்டுகிறது. ஏதாவது ஒரு வார இறுதியில் போய் வந்துவிடலாம் அல்லவா?

பெரியப்பா, மாலை 6:31
தூரம் சரிதான், கதிர். நேரம் மட்டும் மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்துத் தூரத்தை வகுத்து வந்த விடை. விமானம் மேலேறுவதற்கும் கீழிறங்குவதற்கும் ஆகும் பொழுதைச் சேர்த்து 2 மணி நேரம் என்று வைத்துக்கொள். கப்பல்காரனுக்கு இது 700 கடல் மைல். மணிக்கு 15 கடல் மைல் வீதம் ஓடினால் ஏறக்குறைய 2 நாள். 2018 வரை ஆர்.எம்.எஸ். செயின்ட் ஹெலினா என்ற கப்பலில்தான் செயின்ட் ஹெலினா மக்கள் அசென்ஷனுக்குப் போய் வந்தார்கள்.
ஆனால் உன் கணக்கு இடிப்பது வேறிடத்தில். இரண்டு தீவுகளுக்கும் இடையே 2018 நவம்பரில் தொடங்கிய விமானச் சேவை மாதத்துக்கு ஒருமுறைதான். அதைத் தவறவிட்டால் உன் 2 மணி நேரம் ஒரு மாதமாகிவிடும்.

யாழினி, மாலை 6:40
அண்ணா, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து செயின்ட் ஹெலினா போகும் விமானம் நேரே போகாமல் நமீபியாவில் இறங்கி எரிபொருள் நிரப்புகிறதாமே, ஏன்?

பெரியப்பா, மாலை 6:58
நல்ல கேள்வி அம்மா. நமீபியாவின் வால்விஸ் பே நகரிலிருந்து அத்தீவு சுமார் 2,250 கிலோமீட்டர். இடையில் கடலைத் தவிர ஒன்றுமில்லை. தீவை நெருங்கிய பிறகு இறங்க முடியவில்லை என்றால் கரைக்கே திரும்பும் அளவுக்கு எரிபொருள் கையில் இருக்க வேண்டும். 2017 அக்டோபரில் பயணிகள் சேவை தொடங்கியபோது, எடையைக் குறைப்பதற்காக 76 பேரைத்தான் ஏற்றினார்கள்.
இறங்க முடியாமல் போவதற்குக் காரணம் காற்று. ஓடுதளம் கடலோரச் செங்குத்துப் பாறைக்கு மேல், சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாறையில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்பி, ஓடுதளத்தின் முனையில் திடீரென வேகமும் திசையும் மாறுகிறது. 1836-இல் அத்தீவுக்கு வந்த டார்வின், தாம் நின்ற இடத்தில் காற்றே இல்லை என்றும், பாறை விளிம்பில் கையை நீட்டியதும் முழு வேகத்தையும் உணர்ந்ததாகவும் எழுதியிருக்கிறார். 28.5 கோடி பவுண்டு செலவழித்து இந்த விமான நிலையத்தைக் கட்டியவர்கள் அதைப் படித்திருக்கலாம் என்று எனக்கு ஒரு குறை உண்டு.

கதிர், இரவு 7:05
அப்படியானால் முதலில் அந்த மாதாந்திர விமானத்தின் தேதியைக் கேட்டுக்கொண்டு, அதற்கேற்ப அலுவலகத்தில் விடுப்புக் கேட்கிறேன்.

பெரியப்பா, இரவு 7:09
அசென்ஷனில் இறங்குவதற்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். அதையும் சேர்த்துக் கேள். பின்னால் இரண்டு மூன்று நாள் தாராளமாக விட்டுவை.

அம்மா, இரவு 7:20
எல்லாம் படித்தேன். அங்கே இப்போது மணி என்ன, அதை யாராவது சொல்லுங்கள்.

யாழினி, இரவு 7:22
இரண்டு தீவுகளிலும் ஒரே நேரந்தான் பெரியம்மா. நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். அங்கே இப்போது பிற்பகல் 1:52.

அம்மா, இரவு 7:24
சரி கதிர், இரவு ஒன்பது மணிக்குப் பேசுவேன். ஜோகன்னஸ்பர்க்கில் அப்போது மாலை ஐந்தரைதான், தூங்குகிறேன் என்று சொல்லாதே.