ஸ்கூல் வேன் ரூட் போடணும், கொஞ்சம் கை கொடுங்க

வணக்கம் மக்களே. மதுரை மேலூர் ரோட்டுல ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ரூட் போட்டுத் தர்றேன்னு ஒத்துக்கிட்டேன். 6 வேன், 140 பிள்ளைங்க. திருமோகூர், நரசிங்கம், ஒத்தக்கடை, உத்தங்குடின்னு சிதறிக் கிடக்குறாங்க. இப்ப டிரைவர் அண்ணன்மாரு பேசிவச்ச ரூட்டுதான் ஓடுது. திருமோகூர்ல முதல் ஆளா ஏறுற யூகேஜி பாப்பா, வேன் ஊரெல்லாம் சுத்தி வர்றதுக்குள்ள ஜன்னல்ல சாஞ்சு தூங்கிருது.

எந்த வண்டி எந்த வரிசையில எங்கெங்க போகணும்ங்கிற இது பழைய கணக்குதான். 1959-ல டான்சிக், ராம்சர்னு ரெண்டு ஆய்வாளர்கள் பெட்ரோல் லாரிக்குப் போட்டது. 1964-ல வந்த கிளார்க்-ரைட் முறையை (தனித்தனி ட்ரிப்பை ஒண்ணாச் சேர்த்துத் தூரத்தை மிச்சம் பிடிக்கிறது) எக்செல்ல போட்டுப் பார்த்தேன். கிலோமீட்டர் குறையுது, டீசல் மிச்சம், நிர்வாகத்துக்குச் சந்தோஷம். பாப்பா உட்கார்ந்திருக்கிற நேரம் மட்டும் குறையல. அந்த முறை பார்க்கிறது மொத்தத் தூரத்தைத்தானே!

அதான் பைத்தான்ல கூகுளோட ஓஆர்-டூல்ஸுக்கு மாறிட்டேன், இந்த மாதிரிக் கணக்குக்கு விடை தேடித் தர்ற இலவச சாப்ட்வேர் அது. ஒரு பிள்ளை வேன்ல 45 நிமிஷத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு கண்டிஷன் போட்டா, விடையே இல்லைன்னு கையை விரிக்குது. கண்டிஷனைத் தளர்த்தி, தாண்டுற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் கணக்குல கூடுதல் செலவா ஒரு அபராதம் போடலாமா? அபராதத்தை எவ்வளவு வைக்கிறது? வேன் கிளம்புறது டிரைவர் வீட்டுல இருந்து, சேர்றது பள்ளியில. அதுக்கு யாராச்சும் கோடு (code) எழுதியிருக்கீங்களா?

இன்னொண்ணு, பயண நேரத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ங்கிற இலவச வரைபடத்தை வச்சு, வழியும் நேரமும் கணக்குப் போடுற ஓஎஸ்ஆர்எம்ங்கிற சாப்ட்வேர்ல எடுத்தேன். அதுக்கு டிராபிக் தெரியாது. காலை எட்டு மணி மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு நெரிசலை அது கண்டதே இல்ல. வேனோட ஜிபிஎஸ் பதிவை வச்சு இதை எப்படித் திருத்துறது?

சாப்ட்வேர் விக்கிறவங்க மெசேஜ் பண்ண வேணாம், பள்ளியில காசு இல்ல. புது ரூட்டுக்கு டிரைவர் அண்ணன்மாரைச் சம்மதிக்க வச்ச அனுபவம் இருந்தா அதையும் சொல்லுங்க. ஒத்தக்கடை டீக்கடை இல்லாத ரூட்டை ஒருத்தரும் தொடமாட்டேங்கிறாங்க.