ரகசிய வாக்கு: யார் யாருக்குப் போட்டார் என்று தெரிந்துவிடுகிறது, உதவுங்கள்

கேட்டவர்: சங்கத் தேர்தலுக்கு ஆன்லைன் வாக்குப்பதிவு எழுதுகிறேன். உறுப்பினர்கள் 40,000 பேர். ஒரு டேபிளில் உறுப்பினர் எண், இன்னொன்றில் வேட்பாளர் எண் மட்டும். இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். நேற்று ஒத்திகையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், 17ஆவது வரிக்கு 17ஆவது வரி அச்சாகப் பொருந்துகிறது! என் நண்பன் எனக்கு ஓட்டுப் போடவில்லை என்பது வரை தெரிந்துவிட்டது. உறுப்பினர் எண்ணை ஹேஷ் செய்தால் (திரும்ப மாற்ற முடியாத வேறொரு குறியீடாக ஆக்கினால்) போதுமா? இன்னொன்று, 500 பேர் ஒன்றாக நுழைந்தால் சர்வர் திணறுகிறது.

இரவுப்பறவை: ஹேஷ் உதவாது. 40,000 எண்களையும் ஹேஷ் செய்து ஒப்பிட ஒரு நொடிகூட ஆகாது. தானாக ஏறும் வரிசை எண்ணையும் நேரப் பதிவையும் எடுத்தாலும் டேட்டாபேஸ் தானே எழுதிவைக்கும் பதிவேட்டில் (log) வரிசை அப்படியே இருக்கும். வாக்கை பிரவுசரிலேயே என்க்ரிப்ட் செய்யுங்கள், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுங்கள். எல்கமால் என்ற என்க்ரிப்ஷன் முறையில் தனி வாக்குகளைத் திறக்காமலே கூட்டி, மொத்தத்தை மட்டும் திறக்கலாம். ஹீலியோஸ் என்ற திறமூல மென்பொருள் இப்படித்தான் எண்ணுகிறது. சொந்தமாக எழுதுவதைவிட அதைப் பாருங்கள்.

பழைய டிபிஏ: திணறலுக்குக் காரணம், ஒவ்வொரு ஓட்டுக்கும் வேட்பாளரின் மொத்தத்தில் ஒன்று கூட்டுகிறீர்களா? அப்படியானால் 500 பேரும் ஒரே வரியின் பூட்டு (lock) திறக்கக் காத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வாக்கையும் தனி வரியாகச் சேர்த்துக்கொண்டே போங்கள், கடைசியில் எண்ணுங்கள். வெறும் மொத்தத்தை நம்பவும் கூடாது தம்பி. 2003இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக்கில் ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டு கூடுதலாக விழுந்தது. 2இன் 12ஆம் அடுக்கு, அதாவது கணினி நினைவகத்தில் ஒரே ஒரு பிட் 0இலிருந்து 1ஆகப் புரண்டதுதான் என்று முடிவுக்கு வந்தார்கள். அவருக்குக் கிடைக்கவே முடியாத எண்ணிக்கை என்பதால்தான் சிக்கியது. நூறு ஓட்டு என்றால் யார் கவனித்திருப்பார்கள்?

கேட்டவர்: ஆமாம் அண்ணா, அதேதான் செய்திருந்தேன். மாற்றியதும் 500 பேர் சோதனை சரளமாக ஓடுகிறது. ஹீலியோஸில் முடிவைத் திறக்கும் சாவியை மூன்று நிர்வாகிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப் போகிறேன், மூவரும் சேர்ந்தால்தான் திறக்கும்.

இரவுப்பறவை: வேண்டாம், மூவரில் இருவர் போதும் என்று வையுங்கள். என்க்ரிப்ஷன் வல்லுநர்களின் அமைப்பான சர்வதேச கிரிப்டாலஜி ஆய்வுச் சங்கமே 2025 தேர்தலில் ஹீலியோஸில் மூன்று சாவியும் கட்டாயம் என்று வைத்து, ஒருவர் தன் சாவியைத் தொலைத்ததால் முடிவைத் திறக்க முடியாமல் மறுதேர்தல் நடத்தியது.

கேட்டவர்: அவர்களுக்கேவா! எங்கள் செயலாளர் பாஸ்வேர்டையே வாரம் ஒருமுறை மறப்பவர். இன்றே மாற்றுகிறேன்.