கிரீப்பி நட்ஸ்: பழைய பாடல்களுக்கும் புதிய பாடல்களுக்கும் ஏன் இவ்வளவு தூரம்?

நெய்தல்வாசி (கேள்வி):

ஜப்பானிய ராப் இரட்டையரான கிரீப்பி நட்ஸை நான் அறிந்தது, இங்குள்ள பலரைப் போலவே, 2024 ஜனவரியில் 'மாஷ்லே' அனிமேயின் இரண்டாம் பருவத்துக்குத் தொடக்கப் பாடலாக வந்த 'பிளிங்-பேங்-பேங்-போர்ன்' வழியாகத்தான். அதே ஆண்டு அக்டோபரில் 'டண்டடான்' அனிமேக்காக அவர்கள் செய்த 'ஓதோனோகே' பாடலும் பிடித்துப்போகவே, பழைய தொகுப்புகளைத் தேடிக் கேட்கத் தொடங்கினேன். 2021-இல் வந்த 'கேஸ்' தொகுப்பின் 'நோபிஷிரோ' பாடலைக் கேட்டபோது, இதைப் பாடியவர்களும் அவர்கள்தானா என்ற ஐயமே வந்துவிட்டது. நிதானமான நடை, முப்பது வயதை நெருங்கும் ஒருவன் தன்னோடு பேசிக்கொள்வது போன்ற வரிகள். மூன்றே ஆண்டுகளில் இத்தனை மாற்றம் எப்படி நேர்ந்தது? அனிமே சந்தைக்காகத் தங்களை மாற்றிக்கொண்டார்களா, அல்லது இந்த மாற்றத்துக்கான வேர் முன்பே இருந்ததா? அவர்களைத் தொடக்கத்திலிருந்து கேட்டு வருபவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

கூத்தரங்கம்:

வேர் முன்பே இருந்தது என்பதே என் கருத்து. அதைக் காண 2013-இல் அவர்கள் சேர்ந்த காலத்துக்கும் சற்று முன்னால் போக வேண்டும்.

ராப் பாடும் ஆர்-ஷிதேய் ஒசாகா மாநிலத்தின் சகாய் நகரைச் சேர்ந்தவர். ஒசாகாவின் உமேதா ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள நடைமேம்பாலத்தில் கூடி, முறை வைத்து உடனுக்குடன் வரி கட்டிப் பாடிய இளைஞர் குழுவான உமேதா சைஃபரில் உருவானவர். எதிரே நிற்பவரை அந்தக் கணத்திலேயே பாட்டால் மடக்கும் எம்சி போட்டிகளில் நாடு தழுவியதான 'அல்டிமேட் எம்சி பேட்டில்' பட்டத்தை 2012, 2013, 2014 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றார். பிறகு 'ஃப்ரீஸ்டைல் டஞ்ஜன்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில், சவால் விட்டு வருபவர்களைத் தடுத்து நிறுத்தும் குழுவில் ஒருவராக இருந்து, ராப்பர் ஹன்னியாவுக்குப் பிறகு அதன் இறுதி எதிராளி என்ற இடத்துக்கும் வந்தார். இணையரான டிஜே மட்சுனாகா நீகாத்தா மாநிலத்து நாகாவோகாவைச் சேர்ந்தவர். 2019-இல் லண்டனில் நடந்த டிஎம்சி உலக டிஜே போட்டியில், ஒருவரோடொருவர் மோதும் பிரிவில் உலகப் பட்டம் வென்றவர். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் நிறைவு விழாவில், இசைத்தட்டுச் சுழற்றும் கருவியான டர்ன்டேபிளுடன் தோன்றியவரும் இவரே.

அதாவது இருவருமே தொழில்நுணுக்கத்தில் உச்சத்தைத் தொட்டவர்கள். ஆனால் தொடக்க காலத்தில் அவர்கள் பாடிய பொருளோ, தங்களிடம் என்னவெல்லாம் இல்லை என்பதுதான். 2016-இன் முதல் சிறுதொகுப்புக்குக் 'குறையுள்ள இருவர்' என்று பொருள்படும் தலைப்பை இட்டார்கள். அடுத்த ஆண்டுத் தொகுப்புக்குச் 'சிறந்த துணை நடிகர் விருது'. 2017 நவம்பரில் பெரிய இசை நிறுவனத்தின் வழியே வந்த முதல் வெளியீட்டின் பெயர் இன்னும் ஒருபடி மேல்: உயர்நிலைப் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் புது மனிதனாக அறிமுகமாக முயன்று எல்லாவற்றிலும் தோற்று, கடைசியில் பெருநிறுவன அறிமுகம் மட்டும் வாய்த்தது என்ற முழு வாக்கியமே தலைப்பு. முரட்டுத் தெருவில் வளர்ந்ததாகப் பெருமை பேசும் ராப் மரபில், அத்தகைய கதை எதுவும் தங்களுக்கு இல்லை என்பதையே கதையாக்கிக்கொண்டது அவர்களுடைய சாமர்த்தியம். இதற்காகவே இவர்களை ராப்பர்களாக ஏற்காதவர்களும் இருந்தனர். அந்த ஒதுக்குதலையும் வரிகளாக்கிப் பாடினார்கள்.

இத்தகைய பாட்டில் கேட்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியாக வேண்டும். ஆகவே இசை பின்னால் நின்று வழிவிட்டது. நீங்கள் கேட்ட 'நோபிஷிரோ' அந்தக் காலத்தின் முதிர்ந்த கனி. குறைகளை எண்ணிக்கொண்டிருந்தவன், இளைப்பாறவும் பிறரைச் சார்ந்திருக்கவும் தப்பித்துக்கொள்ளவும் கற்றுக்கொண்டதைப் பட்டியலிட்டு, வளர இன்னும் இடமிருக்கிறது என்று சொல்லும் பாட்டு.

தாளக்கட்டு:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஒலியின் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

'பிளிங்-பேங்-பேங்-போர்ன்' பாடலின் அடித்தளம் ஜெர்சி கிளப் எனப்படும் நடன இசை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து நூவர்க் நகரில், பால்டிமோர் கிளப் இசையின் தாக்கத்தில் 1990-களின் பிற்பகுதியில் உருவானது. அதன் கிக் டிரம் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய முரசின் ஒலி) சீராக நான்கு அடி அடிப்பதில்லை. முதலில் இடைவெளிவிட்டு விழுந்து, பின்பு நெருக்கமாகத் தடதடவென விழும். இந்த வகைத் துடிப்பின் மீது உரையாடல் நடையில் கதை சொல்வது எளிதன்று. சொற்களைத் துண்டுதுண்டாக வெட்டித் தாளக் கருவியின் இடத்தில் வைத்தால்தான் பாட்டு நிற்கும். ஆர்-ஷிதேய் செய்திருப்பது அதைத்தான்.

இங்கே ஜப்பானிய மொழியின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். தமிழைப் போலவே அதிலும் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருவதால், வரிக்கு வரி ஒரே விதமான வினைமுடிவுகள் வந்து இயைபு சலிப்பூட்டும் ஆபத்து உண்டு. அங்குள்ள ராப்பர்கள் வாக்கியத்தைப் புரட்டிப் போட்டும், பெயர்ச்சொல்லில் வரியை நிறுத்தியும் இதைக் கடந்தனர். மேலும் அம்மொழியில் ஐந்து உயிரொலிகளே இருப்பதால், கடைசி அசை மட்டுமன்றி ஐந்தாறு அசைகளின் உயிரொலிகளை வரிசை மாறாமல் ஒத்துப்போகச் செய்வது அங்கே திறமையின் அளவுகோல் ஆயிற்று. போட்டி மேடையில் ஆர்-ஷிதேயின் பெரும்படையே இந்த நீண்ட இயைபுதான். பழைய பாடல்களில் அது கதைக்கு அடங்கி இருந்தது. புதிய பாடல்களில் கதையை ஒதுக்கிவிட்டு முன்னே வந்துவிட்டது. ஜப்பானியம் அறியாதவர்கள்கூட அந்தப் பாடலை வாயசைத்துப் பாட முயல்வதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அனிமேயின் தொடக்கக் காட்சியில் பாத்திரங்கள் ஆடும் நடனம் டிக்டாக்கில் பரவியது உதவியது என்பதும் உண்மைதான், ஆனால் நடனம் மட்டும் ஒரு பாடலைப் பில்போர்ட் ஜப்பானின் 2024 ஆண்டுப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோய்விடாது.

பழஞ்சுவடி:

இருவரும் திறமையைப் பேசுகிறீர்கள். இழப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. 2020-இல் வந்த 'ஒருகாலத்தில் மேதைகளாக இருந்த நமக்கு' என்ற பொருள்கொண்ட தலைப்புடைய தொகுப்பைக் கேட்டவர்களுக்கு, 2025 பிப்ரவரியில் வந்த 'லீஜன்' தொகுப்பு பளபளப்பாகவும் சற்று அந்நியமாகவும் தோன்றுவது இயல்பே. முன்பு அவர்கள் பாட்டில் ஒரு மனிதன் தெரிந்தான், இப்போது ஒரு வித்தைக்காரன் தெரிகிறான். வித்தை பெரிது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நான் அவர்களைக் கேட்கத் தொடங்கியது வித்தைக்காக அன்று.

நெய்தல்வாசி:

அனைவருக்கும் நன்றி. பழஞ்சுவடி அவர்களின் வருத்தம் புரிகிறது. அப்படியானால் இந்தத் திருப்பம் எந்தக் கட்டத்தில் நிகழ்ந்தது என்று குறிப்பிட்டுச் சொல்ல முடியுமா? 'மாஷ்லே' வாய்ப்பு வந்த பிறகா?

கூத்தரங்கம்:

அதற்கு முன்பே. என் கணிப்பில் 2023 மார்ச் மாதமே அந்தக் கட்டம். இசை வெளியீடு எதுவும் அப்போது நிகழவில்லை; ஒரு வானொலி நிகழ்ச்சி முடிவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

2018 முதல் அவர்கள் நிப்பொன் ஒலிபரப்பு நிலையத்தின் 'ஆல் நைட் நிப்பொன்' வரிசையில் நள்ளிரவுக்குப் பிந்தைய நிகழ்ச்சியை நடத்தி வந்தார்கள். வாரந்தோறும் இருவரும் அமர்ந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். தாழ்வுணர்ச்சி, நட்பு, எரிச்சல் எல்லாம் அங்கே கொட்டும். அவர்கள் பாடல்களும் அந்தப் பேச்சும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்தன. அவர்களுடைய 'யோஃபுகாஷி நோ உதா' பாடலே, ஆட்ரி என்ற நகைச்சுவை இணையரின் வானொலி நிகழ்ச்சியின் பத்தாம் ஆண்டுச் சுற்றுப்பயணத்துக்காக எழுதப்பட்டது. 2019-இல் கொத்தோயாமா அதே தலைப்பில் ஒரு மாங்கா (ஜப்பானியப் படக்கதை) தொடரைத் தொடங்கினார். அது 2022-இல் அனிமேயாக வந்தபோது தொடக்கப் பாடலையும் இவர்களே செய்தார்கள், நிறைவுப் பாடலாக இந்தப் பழைய பாட்டே ஒலித்தது. எனவே அனிமேயால்தான் பாணி மாறியது என்ற வாதம் நிற்காது. பழைய பாணியிலேயே அவர்கள் அனிமேக்குள் நுழைந்துவிட்டார்கள்.

இசையில் முழுமையாக ஈடுபடுவதற்காகவே அந்த வானொலி நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். தங்களைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்த இடம் இல்லாமல் போனதும், விளக்கும் வேலையைப் பாடல்களும் கைவிட்டன என்றே நான் புரிந்துகொள்கிறேன். அந்த ஆண்டிலேயே வந்த 'பிலிகென்' பாடலைக் கேட்டுப் பாருங்கள். 'பிளிங்-பேங்-பேங்-போர்ன்' வருவதற்கு முன்பே அதன் முறுக்கு அங்கே தெரியும்.

பழஞ்சுவடி அவர்களுக்கு ஒரு சொல். மந்திரம் இல்லாமல் பிறந்து, மந்திர உலகில் உடல் வலிமை ஒன்றை மட்டும் வைத்து முன்னேறும் சிறுவனின் கதையான 'மாஷ்லே'வுக்கு, உள்ளபடியே நானே போதும் என்று முழங்கும் பாட்டை எழுதியவர், 2016-இல் தன்னிடம் இல்லாதவற்றை எண்ணிக்கொண்டிருந்த அதே மனிதர்தான். பொருள் திசைதிரும்பியிருக்கிறது, ஆள் காணாமல் போய்விடவில்லை.

பழஞ்சுவடி:

வரியளவில் நீங்கள் சொல்வது சரி. ஆயினும் 2025 பிப்ரவரி 11 அன்று டோக்கியோ டோம் மேடையில் நின்ற இருவரையும் 'சிறந்த துணை நடிகர் விருது' பாடலின் வழியே அறிந்தவர்களுக்கு, அந்தப் பாடலை இனி எப்படிக் கேட்பது என்பதில் ஒரு சங்கடம் இருக்கத்தான் செய்யும். நெய்தல்வாசி, நீங்கள் 2016-இலிருந்து வரிசையாகக் கேட்டுவிட்டு வாருங்கள், பிறகு வாதிடுவோம்.