அன்இன்ஸ்டால் செய்தும் போகாத கோப்புகள்: யார் பொறுப்பு?

கேள்வி:
ஒரு வீடியோ எடிட்டரை நீக்கிவிட்டேன், ஆனால் ஆப்டேட்டா ஃபோல்டரில் (மென்பொருள்கள் தம் தரவை வைக்கும் இடம்) அதன் கேச் (தற்காலிகக் கோப்புகள்) 6 ஜிபி அப்படியே கிடக்கிறது, விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியிலும் அதன் பெயர் இருக்கிறது. இதைத் துடைப்பது யார் வேலை, விண்டோஸா, அந்த மென்பொருளை எழுதியவர்களா?

பதில் 1:
எழுதியவர்கள்தான். மென்பொருளை நிறுவி நீக்கும் விண்டோஸ் இன்ஸ்டாலர், தான் வைத்த கோப்புகளுக்குத்தான் கணக்கு வைத்திருக்கும். மென்பொருள் ஓடும்போது உருவாக்கியவற்றையும் அழிக்கும்படி தயாரித்தவர்தான் சொல்லி வைக்க வேண்டும்.

பதில் 2:
கேச் போகட்டும், ஆனால் நான் செய்த ப்ராஜெக்ட்டைக் கேட்காமல் அழித்தால் கொதித்துப் போவேன். டெபியன் என்ற லினக்ஸில் மென்பொருளை நீக்க ரிமூவ் கொடுத்தால் பொதுவான செட்டிங்ஸ் கோப்புகள் தங்கும், பர்ஜ் கொடுத்தால் அவையும் போகும், நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை இரண்டுமே தொடாது. இப்படி ஒரு தேர்வு எல்லாவற்றிலும் வேண்டும்.

கேட்டவர்:
சரி, கேச்சை நானே அழித்துவிட்டேன். ரெஜிஸ்ட்ரி?

பதில் 1:
விட்டுவிடுங்கள். அது பிடிக்கும் இடம் மிகக் குறைவு, தவறான கீ (ரெஜிஸ்ட்ரியில் உள்ள ஒரு பதிவு) அழிந்து போனால் வேறு மென்பொருள் நின்றுவிடும்.