மீண்டும் நீட் எழுதி பி.டி.எஸ். சேர்வதா, இப்போதே பி.ஏ.எஸ்.எல்.பி. படிப்பதா?

திருச்சி ஆசிரியர்:
என் மாணவி ஒருத்தி நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்கிறாள். ஆனால் அவளுடைய மதிப்பெண்ணுக்குத் தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில்தான் பி.டி.எஸ். என்னும் பல் மருத்துவப் படிப்பு கிடைக்கும், அந்தக் கட்டணம் அவள் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு, செவித்திறன் மற்றும் பேச்சுப் பயிற்சிக்கான பி.ஏ.எஸ்.எல்.பி. படிப்பில் இடம் கிடைக்கிறது. எதைச் சொல்வது?

மதுரை பல் மருத்துவர்:
தயங்காமல் மீண்டும் எழுதச் சொல்லுங்கள் ஐயா. நீட்டுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய மூன்று ஊர்களில் மட்டுமே இருந்தாலும், தனியார் கல்லூரிகளிலும் குறைந்த கட்டணத்தில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தாண்டுகள் முடித்துப் பதிவு பெற்றுவிட்டால், நோயைக் கண்டறிந்து, மருந்து எழுதி, சொந்தப் பொறுப்பில் சிகிச்சை தரலாம். துணை மருத்துவப் படிப்பு முடித்த பலர் தனியார் மருத்துவமனைகளில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதை அன்றாடம் காண்கிறேன். அவள் அரசுப் பள்ளி மாணவி என்றால் 7.5% உள் ஒதுக்கீடும் இருக்கிறதே?

திருச்சி ஆசிரியர்:
எங்களுடையது அரசு உதவி பெறும் பள்ளி. அந்த ஒதுக்கீடு பொருந்தாது.

கோவை பேச்சுப் பயிற்சியாளர்:
டாக்டர் சொல்லும் சம்பளக் குறை உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் துணை மருத்துவப் படிப்புகள் அனைத்தையும் ஒரே தட்டில் வைப்பதை ஏற்க முடியாது. பி.ஏ.எஸ்.எல்.பி. முடித்தவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றுத் தனியாகவே மையம் நடத்தலாம். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி (காது கேளாதவர்களுக்கு உள்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) பொருத்தப்பட்ட குழந்தைக்கு அறுவை சிகிச்சையோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அதன்பிறகு மாதக்கணக்கில் பயிற்சி தேவை. வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளை எழுப்பி, குழந்தை எதற்குத் திரும்புகிறது, எதற்குத் திரும்பவில்லை என்று பார்த்த பிறகே அன்றைய பயிற்சியைத் தொடங்குவோம். 'ஸ்' மட்டும் எட்டவில்லை என்றால் கருவியின் அமைப்பைச் சரிபார்க்க வேண்டியிருக்கலாம். இந்தத் தேர்ச்சியை நீட்டில் தவறியவர்களுக்கான ஆறுதல் பரிசாகக் கருதுவது அந்தக் குழந்தைகளுக்குச் செய்யும் அநீதி.

மதுரை பல் மருத்துவர்:
அந்தப் பணியை நான் குறைத்து மதிப்பிடவில்லை அம்மா. நான் கேட்பது, அந்தப் பெண் எதை விரும்புகிறாள் என்பதையே. பல் மருத்துவத்தை மனதார விரும்பும் ஒருத்தி, ஓராண்டுக்குப் பயந்து விலகினால் நாற்பது ஆண்டுகள் வருந்துவாள்.

கோவை பேச்சுப் பயிற்சியாளர்:
அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும், டாக்டர். பி.டி.எஸ். முதலாண்டிலேயே மெழுகுக் கட்டியில் பல்லின் வடிவத்தைச் செதுக்க வேண்டும். அந்தக் கைநேர்த்தியை நீட் சோதிப்பதே இல்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காததால் பி.டி.எஸ்., அதுவும் கிடைக்காததால் இது என்று படிப்படியாக இறங்கி வருபவர்களே அதிகம். குடும்பத்தின் நிலையைப் பார்த்தால், இன்னோர் ஆண்டுப் பயிற்சி மையக் கட்டணமும் சுமைதான். அதன் பிறகும் இடம் உறுதியில்லை.

திருச்சி ஆசிரியர்:
அவளிடம் இதை நான் கேட்கவே இல்லை. இன்று மாலை கேட்கிறேன். பி.ஏ.எஸ்.எல்.பி. என்று முடிவானால் எதைச் சரிபார்க்க வேண்டும்?

கோவை பேச்சுப் பயிற்சியாளர்:
அந்தக் கல்லூரிக்கு மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் எந்தக் கல்வியாண்டு வரை இருக்கிறது என்று கவுன்சிலின் இணையதளத்தில் பாருங்கள். அங்கீகாரமற்ற இடத்தில் படித்தால் பதிவு கிடைக்காது. பயிற்சி பெற வரும் குழந்தைகள் அங்கே எத்தனை பேர் என்பதையும் நேரில் சென்று விசாரியுங்கள்.